ஒன்றே முக்கால் வோல்ட்

பேரனுக்குக் காது குத்திய அன்று பந்தியில் என் வரிசையில் பத்தொன்பது இலை போட்டிருந்தார்கள். எதிர்வரிசையில் இருபத்திரண்டு. மொத்தம் நாற்பத்தொன்று, என்னையும் சம்பந்தியையும் கழித்தால் முப்பத்தொன்பது பேர். அத்தனை பேருக்கும் கேட்கும்படிதான் சம்பந்தி அதைச் சொன்னார்.

"நம்ம சம்மந்திக்கு ஆக்சிலேட்டர்ல கால வச்சா பரதநாட்டியம் வந்துருதுங்க. பெரம்பலூர்லேருந்து அரியலூர் வரைக்கும் ஆடிக்கிட்டேதான் வந்தோம். வேட்டியப் பாருங்க."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்று வேட்டியைக் காட்டினார். தொடையில் ஆரம்பித்துக் கரைவரைக்கும் பழுப்புக் கறை. பெரம்பலூரில் காது குத்திய கோயிலில் கொடுத்த பானகம். ஒரு தூக்குவாளி நிறையப் பானகத்தை மடியில் வைத்துக்கொண்டு என் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தது அவர்தான். கால்மாட்டில் வையுங்கள் என்று நான் சொன்னேன். சாமிக்குப் படைத்ததைக் காலடியில் வைப்பதா என்று கேட்டார். கேட்டவர் மூடியையாவது இறுக்கியிருக்கலாம்.

பந்தி சிரித்தது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

சம்பந்தி என்பவர் என் மகனுடைய மாமனார். செந்துறைப் பக்கம் முந்திரிக் காடு வைத்திருக்கிறார். சொந்த டிராக்டர் உண்டு. இளவயதில் லாரி ஓட்டியதாகச் சொல்வார், கேட்காமலே சொல்வார். மற்ற நாளாக இருந்தால் மாப்பிள்ளையைப் பெற்றவனைப் பார்த்து அவர் இப்படிப் பேசியிருக்க முடியாது. காதுகுத்து மட்டும் வேறு. அன்று பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்காரும், தாய்மாமன் சீர்தான் முன்னால் வரும், தாய்மாமனைப் பெற்றவருக்கு அந்த ஒரு நாள் ராஜா வேஷம். அப்பன் வீட்டார் வாயை மூடிக்கொண்டு எல்லாரையும் கவனிக்க வேண்டும். அந்த நாளைப் பார்த்துத்தான் அவர் சொன்னார். என்னால் பதில் பேச முடியாது என்று அவருக்குத் தெரியும். நான் பாயசத்தைத் தொடாமல், சாவு வீட்டில் மூடுவதுபோல் இலையை எதிர்ப்பக்கமாக மூடினேன். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. அது இன்னும் வலித்தது.

வண்டி ஆடியது உண்மைதான். அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு உடனே விடுவதுபோல் ஒரு வெட்டு வெட்டும். மறுபடி ஓடும். மறுபடி வெட்டும். என் கால் அப்போதெல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கால் தெரியாது, வெட்டுதான் தெரியும். ஓட்டுபவருக்கு எழுபத்திரண்டு வயது என்பதும் தெரியும். இரண்டையும் கூட்டிக்கொள்கிறார்கள்.

காதுகுத்து முடிந்த அடுத்த வாரம் மகன் அரியலூரிலிருந்து பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு அங்கேதான் வேலை, குடித்தனம் எல்லாம். வந்தவன் முதலில் வண்டியை நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனான். நானும் கூடப் போனேன். மெக்கானிக் ஸ்டியரிங்கிற்குக் கீழே ஒரு ஒயரைச் செருகி, கையளவு திரை ஒன்றைப் பார்த்தார்.

"ஒரு கோளாறும் காட்டல சார். வண்டி கிளீனா இருக்கு."

"ஓட்டிப் பாருங்க" என்றேன்.

ஓட்டிப் பார்த்தார். மார்க்கெட் வழியாக ஒரு சுற்று. அந்தத் தெருவில் முப்பதுக்கு மேல் யாரால் போக முடியும். திரும்பி வந்து மகனிடம் மட்டும் குரலைத் தணித்து, "பெரியவரக் கொஞ்சம் பாத்து ஓட்டச் சொல்லுங்க" என்றார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

வீட்டுக்கு வந்ததும் மகன் ஹாலில் இருந்த நாற்காலியைத் தள்ளி வைத்தான்.

"அப்பா, ஒத்தக் கால்ல நில்லுங்க."

"எதுக்கு?"

"சும்மா. நரம்பு டாக்டருங்க இப்படித்தான் பாப்பாங்களாம்."

"யார் சொன்னது?"

"மாமா சொன்னாரு."

நின்றேன். வலது காலில் நின்றேன், ஆக்சிலேட்டர் மிதிக்கும் கால் அதுதானே. மனசுக்குள் எண்ணிக்கொண்டே நின்றேன். முப்பத்தொன்று எண்ணும்போது சமையலறையில் மிக்ஸி அலறியது. திடுக்கிட்டுக் காலை ஊன்றிவிட்டேன். மகன் தரையைப் பார்த்தான். பெற்ற பிள்ளை தரையைப் பார்த்தால் தீர்ப்பு எழுதிவிட்டான் என்று பொருள்.

"சாவி என்கிட்ட இருக்கட்டும்ப்பா" என்றான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டே, "மாமாவுக்கு முந்திரிக் காட்டுக்குப் போயிட்டு வர ஒரு வண்டி வேணுமாம். இங்க சும்மா கெடக்கறதுக்கு அங்க ஓடட்டுமே. நல்ல நாளாப் பாத்து வந்து எடுத்துக்கிறேன்னாரு."

ஆக, என் காலைப் பழித்தவர் என் வண்டியையும் எடுத்துக்கொள்ளப் போகிறார். பதினான்கு வருஷமாக நான் மட்டுமே ஓட்டிய வண்டி. அது போய்விட்டால் நானும் மனைவியும் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டுமென்றாலும் யாராவது வந்து அழைத்துப்போக மாட்டார்களா என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் உள்ளதைச் சொன்னால், அன்றைக்கு எனக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. அந்த ஸ்டியரிங்கைச் சம்பந்தி பிடிப்பதை நினைத்தபோதுதான் வயிறு எரிந்தது.

இனி ஆத்திரப்பட்டுப் பயனில்லை, அளந்து பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் வேலை பார்த்ததே அளக்கிற வேலைதான். அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சிமென்ட் ஆலையில் கருவிகள் பிரிவு. சூளைக்குக் காற்று போகும் குழாயில் ஒரு தகட்டுக் கதவு இருக்கும். அது எவ்வளவு திறந்திருக்கிறது என்று தூரத்தில் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்குத் தெரியவேண்டும். அதற்காகக் கதவின் அச்சில் ஒரு சின்னக் கருவி பொருத்தியிருப்போம். கதவு திறக்கத் திறக்க வோல்டேஜ் ஏறும். அவ்வளவுதான் விஷயம். காரிலும் அதேபோல் ஒரு காற்றுக் கதவு இருக்கிறது. நாம் ஆக்சிலேட்டரை மிதித்தால் கேபிள் இழுத்து அந்தக் கதவுதான் திறக்கிறது. எவ்வளவு திறந்தது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது த்ராட்டில் பொசிஷன் சென்சார் என்கிற, தீப்பெட்டி அளவுக் கறுப்புத் துண்டு. அது பொய் சொன்னால், ஓட்டுபவர் காலை எடுத்துவிட்டார் என்று கம்ப்யூட்டர் நினைத்துப் பெட்ரோலைக் குறைக்கும். வண்டி வெட்டும். அடுத்த கணமே உண்மை சொன்னால், வண்டி ஓடும்.

அப்படியானால் மெக்கானிக்கின் திரையில் ஏன் தெரியவில்லை? பொய் கொஞ்ச நேரம் நிலைத்து நின்றால்தான் கம்ப்யூட்டர் அதைக் கோளாறு என்று குறித்து வைக்கும். கண் சிமிட்டும் நேரப் பொய்யை அது கண்டுகொள்ளாது. ஆலையில் இப்படிப்பட்டவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சோதிக்க வேண்டுமானால் சாவி வேண்டும். காருக்கு இரண்டு சாவி என்பது மகனுக்கு நினைவில்லை. மனைவிக்கு நினைவிருந்தது. அரிசி டிரம்மில் போட்டு மூடி, அதன் மேல் உளுந்து டப்பாவை வைத்திருந்தாள்.

"வண்டி கேட்டத் தாண்டக் கூடாது" என்றாள்.

"இஞ்சினையே ஸ்டார்ட் பண்ணப்போறதில்ல. சாவிய ஆன் வரைக்கும் திருப்பினாப் போதும்."

"அப்பறம் நான் எதுக்கு?"

"நீ உள்ள உக்காந்து ஆக்சிலேட்டர மிதிக்கணும்."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க."

"ஓட்ட வேணாம். மிதிச்சாப் போதும். மெதுவா."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி வாங்கியதிலிருந்து அந்தச் சீட்டில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடியைச் சரிசெய்து முகத்தைப் பார்த்துக்கொண்டாள். நான் பானெட்டைத் திறந்தேன்.

சென்சாருக்கு மூன்று ஒயர். ஒன்றில் கம்ப்யூட்டரிலிருந்து ஐந்து வோல்ட் வரும். ஒன்று எர்த். மூன்றாவதில்தான் கதவின் நிலையைச் சொல்லும் வோல்டேஜ் திரும்பிப் போகும். பிளக்கைக் கழற்றக் கூடாது, கழற்றினால் எதுவும் தெரியாது. பிளக்கின் பின்பக்கம் ஒயரை ஒட்டினாற்போல் குண்டூசியை நுழைத்து, அதில் மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பிடிக்க வேண்டும். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவில். குண்டூசிகள் ஒன்றோடொன்று பட்டுவிட்டால் கம்ப்யூட்டர் போய்விடும் என்கிற பயம் வேறு. ஒரு சமயத்தில் ஒரு குண்டூசிதான் வைத்தேன். அதையும் இரண்டு தடவை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

ஐந்து வோல்ட் ஒயரில் ஐந்து இருந்தது. எர்த் சரியாக இருந்தது. குண்டூசியை மூன்றாவதுக்கு மாற்றினேன்.

"மிதி. மெதுவா."

மிதித்தாள். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் ஓடின. ஏறின, நடுவில் ஏதோ தடுமாறின, மறுபடி ஏறின. தடுமாறியது மீட்டரா, சென்சாரா, அவள் காலா என்று சொல்ல முடியவில்லை. டிஜிட்டல் மீட்டரின் குறை அது. ஓர் எண்ணைக் காட்டி முடிப்பதற்குள் விஷயம் நடந்து முடிந்துவிடும். உள்ளே போய் பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய முள் மீட்டரை எடுத்து வந்தேன். முள் பொய் சொல்லாது. விழுந்தால் விழுந்ததைக் கண்ணால் பார்க்கலாம்.

"இன்னும் எவ்வளவு நேரங்க? அடுப்புல பருப்பு கெடக்கு."

"இப்பப் பாரு, நீ மிதிக்கிறதே தெரியக் கூடாது. அவ்வளவு மெதுவா."

"எத்தனை வருஷம் தையல் மிஷின் மிதிச்ச காலு இது. நூல் அறுந்தாக் காலுலயே தெரியும் எனக்கு. நீங்க ஊசிய ஆட்டாமப் புடிங்க."

அவள் சொன்னது வீண்பேச்சில்லை. அப்படி ஒரு மிதியை நான் பார்த்ததில்லை. முள் எறும்பு ஊர்வதுபோல் நகர்ந்தது. பாயின்ட் ஆறில் ஆரம்பித்தது. ஒன்று. ஒன்றேகால். ஒன்றரை. ஒன்றே முக்கால் வந்தது. முள் செத்து விழுந்தது. அடுத்த நொடி எழுந்து இரண்டுக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு நாலேகால் வரை வழுக்கிக்கொண்டு போனது.

"விடு. மறுபடி மிதி."

ஒன்றே முக்காலில் விழுந்தது.

"மறுபடி."

ஒன்றே முக்கால்.

"என்னங்க, சிரிக்கிறீங்களா அழுவுறீங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

அந்த இடத்தில் ஏன் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. சென்சாருக்குள் ஒரு கரிப்பட்டை இருக்கிறது, அதன்மேல் ஒரு சின்ன நாக்கு உரசிக்கொண்டே நகரும். பதினான்கு வருஷமாக நான் நாற்பத்தைந்துக்கு மேலும் போவதில்லை, கீழும் போவதில்லை. நாக்கு அந்த ஒரே இடத்தில் நின்று நின்று உரசி, பட்டை அங்கே மட்டும் தேய்ந்திருக்கிறது. நடுங்குகிற காலாக இருந்தால் நாக்கு அங்குமிங்கும் அலைந்து பட்டை முழுக்கப் பரவலாகத் தேய்ந்திருக்கும். ஒரே புள்ளியில் ஓட்டை விழவேண்டுமென்றால் கால் கல்லாக நின்றிருக்க வேண்டும். என்மேல் வந்த பழிக்கு, என் கால் ஆடவில்லை என்பதுதான் காரணம்.

வேறு ஆளாக இருந்தால் அப்போதே மகனுக்குப் போன் செய்திருப்பார். நானும் போனைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். போனில் சொன்னால் என்ன நடக்கும்? "அப்படியாப்பா, சரி" என்பான். சம்பந்தியிடம் சொல்வான். அவர், "நல்லதாப் போச்சு, மாத்திட்டு எடுத்துக்கலாம்" என்பார். கதை முடிந்துவிடும். பெரிய மனசு பண்ணுங்கள் என்று பலர் பலருக்குச் சொல்கிறார்கள். என் மனசின் அளவு எனக்குத் தெரியும்.

திருச்சியில் சொல்லி வைத்துப் புது சென்சார் ஒன்று வரவழைத்தேன். மாட்டவில்லை. அட்டைப்பெட்டியோடு பீரோவில் வைத்தேன். அதன் பிறகு சம்பந்தியின் நல்ல நாளுக்காகக் காத்திருந்தேன். அவர்மேல் எனக்கு அத்தனை ஆவல் அதற்கு முன்பு வந்ததே இல்லை.

வந்தார். செந்துறையிலிருந்து பஸ்ஸில் அரியலூர், மகன் வீட்டில் சாவியை வாங்கிக்கொண்டு அங்கிருந்து பெரம்பலூர். புது வேட்டி. மனைவி காபி கொடுத்தாள். வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார். நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

"மனசு சங்கடப்படாதீங்க சம்மந்தி. எப்ப வேணுமோ கூப்புடுங்க, வந்து ஏத்திக்கிட்டுப் போறேன்" என்றார்.

"ஒரு சங்கடமும் இல்லீங்க. நானும் அரியலூர் வரைக்கும் வரேன். பேரனப் பாத்துட்டு பஸ்ஸுல வந்துர்றேன்."

முன்சீட்டில், போனமுறை அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டும்வரை வண்டி ஒழுங்காகப் போனது. எனக்கு உள்ளூரக் கவலை. பின்னால் சுண்ணாம்புக்கல் லாரி ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி வந்தபோதெல்லாம், "விட்டுருங்க, போவட்டும்" என்று சொல்லி முன்னால் அனுப்பவைத்தேன். ஆறு லாரி போனது. அதன் பிறகு ரோடு காலி. இரண்டு பக்கமும் மக்காச்சோளம்.

"இந்த வண்டிய நாப்பத்தஞ்சுல வச்சு ஓட்டினாத்தான் மைலேஜ் குடுக்கும் சம்மந்தி" என்றேன்.

நாற்பத்தைந்தில் வைத்தார். வண்டி வெட்டியது.

அவர் தலை முன்னால் போய் வந்தது. என்னைப் பார்த்தார். நான் மக்காச்சோளத்தைப் பார்த்தேன். மறுபடி வெட்டியது. மறுபடி. "வண்டியில கோளாறுங்க" என்று அவர் சொல்லுவார், அப்போது சொல்லவென்று மூன்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன். மூன்றிலும் பரதநாட்டியம் வந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு வெட்டு வாங்கினார். பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தினார். கதவைத் திறந்து வலது காலை வெளியே நீட்டிப் பார்த்தார். செருப்பு காலில் இல்லை. உள்ளே பெடலுக்குப் பக்கத்தில் கழன்று கிடந்தது.

"பாத்தீங்களா. கழண்டதே தெரியல" என்றார்.

குனிந்து பாதத்தைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"சர்க்கரைங்க. ஒரு வருஷமா மரத்துக்கிட்டு வருது. டிராக்டர்ல ஏறியே அஞ்சாறு மாசம் ஆச்சு. ஆள் வச்சு ஓட்டுறேன், கேட்டா இடுப்பு வலின்னு சொல்லி வச்சிருக்கேன். காருன்னா சின்ன பெடலு, ஓட்டிரலாம்னு நெனச்சேன். அதுவும் ஆவாது போலருக்கு."

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"போனா கால எடுக்கணும்பான். எங்கூர்ல ஒருத்தனுக்கு எடுத்துட்டானுங்க." செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, "வூட்டுல சொல்லிறாதீங்க சம்மந்தி. எம்மவளுக்கும் தெரிய வேணாம். வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும். நான் மாப்பிள்ளைகிட்ட ஏதாச்சும் சொல்லிக்கிறேன்" என்றார்.

நான் வைத்திருந்த மூன்று பதில்களும் வீணாயின. ஆனால் அவற்றைவிட நல்லது ஒன்று தானாகக் கிடைத்தது. சும்மா இருப்பது. ஆடியது உங்கள் கால் இல்லை, சென்சார் என்று ஒரே வரி சொன்னால் அவர் முகம் தெளிந்திருக்கும். அந்த ஒரு வரியை நான் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, சாவிக்காகக் கையை நீட்டினேன்.

இடம் மாறி உட்கார்ந்தோம். நான் ஒன்றே முக்காலைத் தாண்டி மிதித்து ஐம்பத்தைந்தில் வைத்தேன். வண்டி தண்ணீரில் போவதுபோல் போனது.

"உங்களுக்கு இப்ப ஆடலையே" என்றார்.

"தெனம் ஒத்தக் கால்ல நிக்கிறேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே. நல்லாக் கேக்குது."

தலையாட்டினார். மகன் வீட்டில் வண்டி இடுப்புக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனார். மகன் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு தானே என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டான். வழியில் வண்டி வெட்டியபோது ரோட்டில் குழி என்று சொன்னான். அவன் கால் ஆடும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த நாள் அரிசி டிரம் சாவியைப் போட்டு, இரண்டு ஸ்குரூவைக் கழற்றிப் புது சென்சாரை மாட்டினேன். மனைவி மிதித்தாள். முள் பாயின்ட் ஆறிலிருந்து நாலேகால் வரை ஒரு தடுக்கலும் இல்லாமல் போய் வந்தது. பழையதைத் துணியில் சுற்றி வைத்தேன்.

பேரனுக்குக் காதில் தோடு மாற்றுகிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அரியலூரில் கூடினோம். சாப்பாடு முடிந்து பாயில் உட்கார்ந்திருக்கும்போது சம்பந்தியின் மனைவி என்னைப் பார்த்து, "இவரு காலையில எந்திரிச்சு வேப்பமரத்தப் புடிச்சிக்கிட்டு ஒத்தக் கால்ல நிக்கிறாருங்க. கேட்டா சம்மந்தி சொன்னாருங்கறாரு. கொக்கு மாதிரி இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தியும் சிரித்தார். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நீங்கள் காட்டிக்கொடுக்கவில்லை என்கிற நன்றி இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பையிலிருந்து முள் மீட்டரை எடுத்தேன்.

பழைய சென்சாரைப் பாயில் வைத்தேன். மீட்டரை மின்தடை காட்டும் ஓம் அளவுக்கு மாற்றி, இரண்டு முனையையும் இரண்டு பின்னில் பிடித்துக்கொண்டு, மகனிடம் ஸ்குரூடிரைவரைக் கொடுத்துச் சென்சாரின் நடுப்பகுதியை மெதுவாகத் திருகச் சொன்னேன்.

"முள்ளப் பாத்துக்கிட்டே திருகு."

முள் நகர்ந்தது. ஓரிடத்தில் துள்ளி விழுந்தது. மறுபடி நகர்ந்தது. திரும்பத் திருகினான். அதே இடத்தில் துள்ளியது. ஸ்குரூடிரைவரை மருமகளிடம் கொடுத்தான். அவளுக்கும் அதே இடம்.

"இதாம்ப்பா வண்டியில வெட்டினது" என்றேன். "எவன் கால வச்சாலும் வெட்டும். நீ வச்சப்பவும் வெட்டிச்சு, குழின்ன. புதுசு மாட்டிட்டேன். இன்னிக்கு வரும்போது உங்கம்மா மடியில மோர் சட்டிய வச்சுக்கிட்டுத்தான் வந்தா. கேட்டுப் பாரு."

"சொட்டு சிந்தல" என்றாள் மனைவி.

மகன் ரொம்ப நேரம் அந்தக் கறுப்புத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எந்தச் சாவி போட்டு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. உள்ளே போய், தன்னிடமிருந்த சாவியை எடுத்து வந்து என் சட்டைப்பையில் போட்டான். "சாரிப்பா" என்றான். அது போதும் எனக்கு, அவனிடமிருந்து.

நான் அதுவரை சம்பந்தியின் பக்கம் திரும்பவில்லை. அந்த நிமிஷத்துக்காகத்தான் வைத்திருந்தேன். திரும்பினேன். அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். பிறகு என்னை. எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லவும் முடியாது. என்னை ஏமாற்றினீர்கள் என்று சொன்னால், எதில் ஏமாந்தீர்கள் என்று அத்தனை பேரும் கேட்பார்கள். அப்போது காலைப் பற்றிச் சொல்லவேண்டி வரும். பந்தியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதேபோல் அவர் உட்கார்ந்திருந்தார். நான் வெற்றிலையை மடித்து வாயில் போட்டேன். ருசியாக இருந்தது.

பின்கட்டில் குழாயடியில் வாய் கொப்பளிக்கும்போது அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"அப்ப அன்னிக்கு வெட்டினது என் காலு இல்ல."

"இல்லீங்க."

"உங்களுக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்."

"வண்டி வெட்டும்போது மக்காச்சோளத்தப் பாத்துக்கிட்டிருந்தீங்க."

"ஆமா."

குழாயைத் திறந்தார், மூடினார். "நல்லாச் செஞ்சீங்க சம்மந்தி" என்றார். திட்டா, பாராட்டா என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. பிறகு குரலைத் தணித்து, "ஆனா மரத்திருக்கறது நெசந்தாங்க. செருப்பு கழண்டது சென்சாரு இல்லல்ல" என்றார்.

அது இல்லை. அதை அளக்க என்னிடம் மீட்டர் கிடையாது. தஞ்சாவூரில் ஒரு சர்க்கரை டாக்டர் இருக்கிறார், கால் எடுக்காமலே பல பேருக்குப் பார்த்திருக்கிறார் என்று சொன்னேன். வீட்டுக்குத் தெரியாமல் போகவேண்டும், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றார். நான் என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கூட்டிப்போகிறேன் என்றேன்.

மாதம் ஒரு தடவை போகிறோம். டாக்டர் ஊசியால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். சில இடத்தில் தெரிகிறது என்கிறார், சில இடத்தில் இல்லை. தெரிகிற இடங்கள் போனமாதம் இரண்டு கூடியிருக்கின்றன. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெரம்பலூரிலிருந்து தஞ்சாவூருக்கு நான் போகும் வழியே அரியலூர்தான். அவர் செந்துறையிலிருந்து அரியலூருக்குப் பஸ்ஸில் வந்து நின்றால், அங்கேயே ஏற்றிக்கொண்டு போய்விடலாம். நான் பெரம்பலூருக்கு வரச் சொல்கிறேன். அரியலூரில் இறங்கி, வேறு பஸ் மாறி, முப்பது கிலோமீட்டர் வந்து, என் வண்டியில் ஏறி, வந்த வழியே அரியலூர் வரை திரும்பிப் போகிறார். ஒரு தடவையும் ஏன் என்று கேட்டதில்லை.

"பாவம்ங்க. அரியலூர் பஸ் ஸ்டாண்டுலயே ஏத்திக்கலாம்ல" என்று மனைவி போனமாதம் சொன்னாள்.

"ஏத்திக்கலாம்" என்றேன்.

நேற்று அவர் போன் செய்து, இந்த மாதம் எங்கே வந்து நிற்கட்டும் என்று கேட்டார். பெரம்பலூருக்கு வாருங்கள் என்றேன்.